எதை எடுக்க மாட்டாய் என்று சொல்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அதிலிருந்த ஒரு வரி குறுக்கே வந்து நின்றது. நீ வேலைக்குப் போகும் ஸ்டுடியோவில் மூத்தவர் ஒருவர், "தியரி படிச்சா கை கட்டிப்போயிடும்டா, படம் எடுக்கக் கண்ணு இருந்தா போதும்" என்றாராம். நீயும் அதையே கேள்வியாக்கி அனுப்பியிருக்கிறாய்: கோட்பாடு படித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதானே எடுப்பார்கள்?

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல். அந்த மூத்தவர் கல்யாணப் பெண்ணின் முகத்தில் நிழல் விழ விடமாட்டார். மூக்குக்குக் கீழே கொஞ்சம் இருட்டினால் போதும், இன்னொரு லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். முகம் என்றால் வெளிச்சம், நிழல் என்றால் குறை என்பது அவருடைய கோட்பாடு. அவருக்கு முன்னால் இருந்த யாரோ கொடுத்துவிட்டுப் போனது. எழுதி வைக்கவில்லை என்பதால் அதற்குக் கண் என்று பெயர் சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ தியரி என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் ஃபோன் திரையில் வரும் கட்டக் கோடுகளைத்தான் நினைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. அந்த மூன்றிலொரு பங்கு விதிக்குப் பெயர் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். 1797இல், நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய புத்தகத்தில். அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. வானத்துக்கு எவ்வளவு இடம், நிலத்துக்கு எவ்வளவு இடம் என்று ஓவியனுக்குச் சொன்ன யோசனை அது. பிடித்தால் பின்பற்று, பிடிக்காவிட்டால் விட்டுவிடு. அதைக் கோட்பாடு என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

புகைப்படத்தால் எது முடியும், அதில் எது கூடாது என்று ஒருவர் தனக்குத்தானே பிடிவாதமாகச் சொல்லிக்கொள்ளும் பதிலைத்தான் நான் கோட்பாடு என்கிறேன். அந்தப் பதிலில் 'கூடாது' என்ற பாதிக்குத்தான் வேலை அதிகம். ஆளுக்கொரு 'கூடாது' இருப்பதால்தான் ஆளுக்கொரு விதமாகப் படம் வருகிறது. அந்தக் கோட்பாடு சரியானதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இதை நம்ப மாட்டாய். அதனால் ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பீட்டர் ஹென்றி எமர்சன். 1856இல் கியூபாவில் பிறந்தவர், இங்கிலாந்தில் மருத்துவம் படித்தவர். பறவை பார்க்கப் போகும்போது உதவும் என்று கேமரா வாங்கியவர், கடைசியில் மருத்துவத்தையே விட்டுவிட்டார். மகா சண்டைக்காரர். அவர் களத்தில் இறங்கியபோது இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். ராபின்சன் 1858இல் சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் காட்டும் படம் ஒன்றைச் செய்தார். செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து நெகட்டிவ்களை ஒட்டி அச்சிட்ட படம் அது. அதில் இருப்பவர்கள் நடிக்க வந்தவர்கள். ஒட்டு வேலை தெரியாமல் ஒட்டுவதுதான் கலை என்று ஒரு தலைமுறையே நம்பியது.

எமர்சன் இதைக் கண்டு கொதித்தார். கொதிப்போடு நிறுத்தாமல் ஜெர்மன் உடலியல் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பார்வையைப் பற்றி எழுதியதைப் படித்தார். நம் கண் ஒரு நேரத்தில் ஒரு சிறு இடத்தைத்தான் தெளிவாகப் பார்க்கிறது, சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அப்படியானால் முழுப் படமும் துல்லியமாக இருப்பதே பொய் என்று முடிவு கட்டினார். முக்கியமான பொருளில் ஃபோகஸ் வை, அதையும் ஊசி முனை போலக் கூர்மையாக்காதே, மற்றதை இன்னும் கொஞ்சம் மென்மையாக விடு, ஆனால் உருவம் அழியும் அளவுக்குப் போகாதே. இதுதான் சாரம். ரீடச் கூடாது. ஒட்டு வேலை கூடாது. ஸ்டுடியோவில் வேஷம் கட்டி நிறுத்துவது கூடவே கூடாது. 1889இல் இதையெல்லாம் 'இயற்கைவழிப் புகைப்படம்' பற்றிய புத்தகமாகப் போட்டார். புகைப்பட வட்டாரம் அல்லோலகல்லோலப்பட்டது.

இந்த 'கூடாது'கள் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின தெரியுமா? நார்ஃபோக் சதுப்பு நிலத்தில். ஸ்டுடியோவும் வேஷமும் வேண்டாம் என்று சொன்னவர் வெளியேதானே போக வேண்டும்? நாணல் அறுப்பவர்கள், வலை போடுபவர்கள், சேற்றில் வேலை முடித்து வீடு திரும்புபவர்கள். 1886இல் ஓவியர் குடாலோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் 40 பிளாட்டினம் பிரிண்டுகள். அதில் அல்லி பறிக்கும் படத்தைத் தேடிப் பார். படகில் ஓர் ஆணும் பெண்ணும். பெண் விளிம்பில் சாய்ந்து தண்ணீருக்குக் கை நீட்டியிருக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் நாணல் கூட்டம் தனித்தனித் தாளாகத் தெரியாமல் ஒரு சாம்பல் திரையாக இளகி நிற்கிறது. நம் கண் அந்தக் கையை விட்டு நகர மறுக்கிறது. நாணலும் கத்தி போலத் தெளிவாக இருந்திருந்தால் அந்தக் கை தொலைந்து போயிருக்கும்.

உன் ஃபோனில் போர்ட்ரெய்ட் மோட் போட்டால் பின்னால் இருப்பதெல்லாம் குழைந்து போகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்பாய். இல்லை. ஃபோன் ஆளைச் சுற்றிக் கத்தரித்துவிட்டு மற்றதை அழிக்கிறது. எமர்சன் மற்றதை அழிக்கவில்லை, குரலைத் தாழ்த்தச் சொன்னார். காது மடலையும் மல்லிகைச் சரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிட்டு அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்களே, அந்தக் கொடுமையை எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

சரி, எமர்சனின் கோட்பாடு சரியா? பாதிக்கு மேல் தவறு என்பதுதான் என் எண்ணம். கண் ஒரு புள்ளியைத்தான் தெளிவாகப் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அது ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும். தவிர, அவர் அச்சிட்ட படத்தைப் பார்ப்பதும் அதே கண்தானே? கண் தானாகச் செய்யும் வேலையைப் படமும் ஒரு தடவை செய்வானேன்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நாணலுக்கு இது எதுவும் தெரியாது. தவறான கணக்கைப் போட்டு அருமையான படத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. ஜார்ஜ் டேவிசன் என்பவர் எமர்சனைப் படித்துவிட்டு, கொஞ்சம் மங்கல் நல்லது என்றால் முழுக்க மங்கல் இன்னும் நல்லதாயிற்றே என்று லென்ஸையே கழற்றிவிட்டார். ஊசித் துளை கேமராவில் 1890 வாக்கில் அவர் எடுத்த வெங்காய வயல் படம் முழுவதும் பஞ்சு போல இருக்கும். எமர்சனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை, என் கருத்தைத் திருடிக் கெடுத்துவிட்டான் என்று கத்தினார். ஆனால் அந்தப் பஞ்சிலிருந்துதான் ஒரு பெரிய இயக்கமே கிளம்பியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தப்பாகப் படித்தால்கூடப் புதிதாக ஒரு வகைப் படம் பிறக்கிறது, பார்த்தாயா? இதைத்தான் நீ 'எல்லோரும் ஒரே மாதிரி' என்கிறாய்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஹர்ட்டர் என்ற வேதியியலாளர், டிரிஃபீல்ட் என்ற பொறியாளர். பிளேட்டில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தால் எவ்வளவு கருமை வரும் என்று அளந்து அளந்து கோடு வரைந்து 1890இல் வெளியிட்டார்கள். அந்தக் கோட்டின்படி, கழுவும்போது ஒரு சாயலை மட்டும் தனியாகப் பிடித்து உன் விருப்பத்துக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. டார்க்ரூமில் இயற்கையின் சாயல்களைத் தன் கையால் திருத்தி அமைக்கலாம் என்று நம்பியிருந்த எமர்சனுக்கு இது இடி. கட்டுப்பாடு நம் கையில் இல்லை என்றால் கலை எங்கே? கருப்புக் கரை போட்ட ஒரு துண்டு வெளியீட்டை அச்சடித்து, தன் கோட்பாடு செத்துவிட்டது என்று தானே அறிவித்தார். 1899இல் வந்த மூன்றாம் பதிப்பில், புகைப்படம் ஒரு கலை என்று முன்பு எழுதியிருந்த இடத்தில் கலை அல்ல என்று எழுதினார். இதற்கு நடுவே, 1895இல், இலையுதிர்ந்த மரங்களும் பனிமூட்டமும் வெறும் வெள்ளையுமாக அவர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அவருடைய படங்களிலேயே உயர்ந்தவை அவைதான் என்று நான் யாரோடு வேண்டுமானாலும் வாதாடுவேன். கோட்பாட்டைப் புதைத்த பிறகும் அதன் 'கூடாது'கள் அவரை விட்டுப் போகவில்லை.

இப்போது அமெரிக்காவுக்கு வா. 1932இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் வெஸ்டன், அன்செல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானவர்கள் ஒரு குழுவாகக் கண்காட்சி வைத்தார்கள். குழுவின் பெயரே எஃப்/64. லென்ஸ் துளையை அந்த அளவுக்குச் சுருக்கினால் முன்னால் கிடக்கும் கூழாங்கல் முதல் தொலைவில் நிற்கும் மலை வரை எல்லாம் கூர்மை. மங்கல் கூடாது என்பது இவர்களின் சபதம். எமர்சனுக்கு நேர் எதிர்.

ஆடம்ஸ் இதோடு விடவில்லை. 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து மண்டல முறையை வகுத்தார். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி அழுக்காகத் தெரிந்ததே, ஏன்? ஒளி மீட்டருக்கு வேட்டி தெரியாது, கரி தெரியாது. எதைக் காட்டினாலும் அதை 5க்குக் கொண்டுவரப் பார்க்கும். நீ வேட்டியை அளந்தால் அதை 7இல் வை, அதாவது மீட்டர் சொன்னதைவிட 2 ஸ்டாப் கூடுதலாகக் கொடு. மடிப்பும் இருக்கும், வெள்ளையும் இருக்கும்.

இந்த முறைக்கு அடித்தளம் எது என்று நினைக்கிறாய்? ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் வரைந்த அதே கோடுதான். எமர்சன் அதைப் பார்த்து, ஒன்றும் என் கையில் இல்லை என்று கடையை மூடினார். ஆடம்ஸ் அதையே பார்த்து, இருட்டுப் பகுதியின் கணக்கை எக்ஸ்போஷரில் முடித்துக்கொண்டு, வெளிச்சப் பகுதியின் கணக்கைக் கழுவும் நேரத்தில் முடிக்கலாமே என்றார். 1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரைக் கடந்து போகும்போது, கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில், மேலே நிலா. மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை 7ஆம் மண்டலத்தில் வைத்து மனக்கணக்காகப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவையை விட்டு வெயில் போய்விட்டது. கண் இருந்தால் போதும் என்கிறவருக்கு அந்த நேரத்தில் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பார்.

ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியைப் பற்றி உனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1959 முதல் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், சுரங்கக் கோபுரம், உலைகள் என்று பல பத்தாண்டுகள் படம் எடுத்தார்கள். வெயில் கூடாது, ஆள் கூடாது, கோணம் கூடாது. மேகம் மூடிய வானம், நேர் எதிரே கேமரா. இவ்வளவு கண்டிப்பான பெர்ன்டை ஆசிரியராகக் கொண்டு டுசல்டார்ஃபில் படித்தவர்கள் நகல்களாகத்தானே வந்திருக்க வேண்டும்? தாமஸ் ரூஃப் நண்பர்களின் முகங்களை பாஸ்போர்ட் படம் போல எடுத்து ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கினார். கான்டிடா ஹோஃபர் ஆளில்லாத நூலகங்களுக்குள் போனார். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999இல் ரைன் நதியை எடுத்து, கரையில் இருந்த கட்டடங்களைக் கணினியில் துடைத்துவிட்டார். உள்ளதை உள்ளபடி எடுத்த ஆசிரியரின் மாணவர் செய்த வேலை அது! அந்தப் படம் 2011இல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

நீ ரோலாண் பார்த் படிக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். புகைப்படம் பற்றி அவர் எழுதி 1980இல் வந்த அந்தச் சிறு புத்தகம் எனக்கும் பிடிக்கும். இறந்துபோன அம்மாவின் சிறுவயதுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அதை மட்டும் நமக்குக் காட்டவே மாட்டார். ஆனால் அவர் படம் எடுப்பவர் அல்ல, அதை அவரே சொல்லிவிடுகிறார். அது பார்ப்பவனின் கோட்பாடு, எடுப்பவனுடையதை அதில் தேடாதே. இன்றைக்குக் கண்காட்சிகளில், எடுத்து முடித்த படத்துக்குப் பக்கத்தில் பார்த்தின் இரண்டு சொற்களைத் தூவி அரைப் பக்கம் எழுதி ஒட்டுகிறார்கள். எடுக்கும்போது ஒன்றையும் மறுக்காதவனுக்கு எடுத்த பிறகு கோட்பாடு எதற்கு?

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்குப் போகும்போது சமையல் கட்டுக்கு ஒரு நடை போய் வா. முதலில் எமர்சனாக எடு: கிளறும் கையில் ஃபோகஸ், ஆவியும் ஆட்களும் அடங்கி நிற்கட்டும். பிறகு துளையைச் சுருக்கி, ஸ்டாண்டில் வைத்து, கரண்டி முதல் கடைசிச் சுவர் வரை கூர்மையாக ஒன்று. மூன்றாவது, ஆட்கள் சாப்பிடப் போனதும், கழுவிக் கவிழ்த்த அண்டாக்களை ஒவ்வொன்றாக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், நிழல் விழாத வெளிச்சத்தில். மூன்றையும் எனக்கு அனுப்பு, ஃபில்டர் எதுவும் போடாமல். தலைமைச் சமையல்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைத்துவிடு, பந்தி நேரத்தில் போய் வழியில் நிற்காதே. அண்டாக்களை மதியம் மூன்று மணிக்கு மேல்தான் கழுவுவார்கள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்