திரையில் கறுப்புக் கட்டம், கணினியில் கிறுக்கல் எழுத்து: பிழை எங்கே?

புத்தாக்கப் போட்டிக்கு இன்னும் ஒரு நாள்தான். ஆர்டுவினோ அட்டையுடன் இணைத்த திரையில் எழுத்தே வரவில்லை. உடனே, “திரை கெட்டுப் போச்சு டீச்சர், புதுசு வாங்கணும்” என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. பெரும்பாலும் திரை நன்றாகத்தான் இருக்கும். பணத்தைச் செலவழிக்கும் முன், அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

வரிக்கு 16 எழுத்தாக 2 வரிகள் காட்டும் திரவப்படிகத் திரையை எடுத்துக்கொள்வோம். பின்னொளி எரிகிறது, எழுத்து இல்லை என்றால், முதலில் ஒளிமாறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும். அதற்கான சிறிய மாறுமின்தடையைத் திருகாணிச் சுழற்றியால் மெதுவாகத் திருப்புங்கள். மேல் வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் தோன்றினால், அது நல்ல செய்தி! மின்சாரம் வருகிறது; தொடக்கக் கட்டளைதான் போய்ச் சேரவில்லை. எனவே மின்கம்பிகளை விட்டுவிட்டுத் தரவுக் கம்பிகளையும் நிரலில் உள்ள முனை எண்களையும் சோதியுங்கள். நான்கே கம்பிகளில் இணையும் வகையாக இருந்தால், முகவரி தவறாக இருக்கலாம். கடையில் கிடைக்கும் பலவற்றின் முகவரி பதின்ம எண்ணில் 39 அல்லது 63. ஒன்று சரிவராவிட்டால் மற்றதை எழுதிப் பாருங்கள்.

அடுத்து, கணினித் திரையில் “வெப்பநிலை 30” என்று வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் விசித்திர எழுத்துகளும் வந்தால்? இங்கே கொஞ்சம் அறிவியல் தேவை.

தொடர் தகவல்தொடர்பில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் செல்கின்றன. நேரத்தைச் சொல்லத் தனிக் கடிகாரக் கம்பி கிடையாது. வேகம் வினாடிக்கு 9600 பிட் என்றால், ஒரு பிட் ஏறத்தாழ 104 மைக்ரோ வினாடி நீடிக்கும். தொடக்கப் பிட்டில் மின்னழுத்தம் இறங்கியதும், பெறுபவர் தம் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் அளவெடுக்கிறார். அவர் 4800 என்று அமைத்திருந்தால் 208 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறைதான் பார்ப்பார். பாதிப் பிட்டுகள் தவறிப்போகும். வந்தது எழுத்துதான், ஆனால் வேறு எழுத்து! ஓர் எழுத்துக்குத் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட். வேக வேறுபாடு 5 விழுக்காட்டை நெருங்கினாலே கடைசிப் பிட்டில் தடுமாற்றம் வந்துவிடும்.

ஆகவே கிறுக்கல் எழுத்து வந்தால் கம்பியைப் பிடுங்காதீர்கள், இரு பக்கமும் வேகத்தை ஒப்பிடுங்கள். எதுவுமே வராவிட்டால்தான் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றின் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனைக்குப் போக வேண்டும். நேருக்கு நேர் இணைத்தால் இருவரும் பேசுவார்கள், கேட்க ஆளிருக்காது. இரு கருவிகளின் தரைமுனையும் இணைந்திருக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

ஆர்டுவினோ ஊனோவில் 0, 1 ஆகிய முனைகளை யுஎஸ்பி இணைப்பும் பயன்படுத்துகிறது. அவற்றில் வேறு கருவி இருந்தால் நிரல் ஏறாமல் போகலாம். ஏற்றும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

இன்னும் தெளிவில்லையா? மற்ற கருவிகளைக் கழற்றிவிட்டு, ரீசெட் முனையைத் தரையோடும், 0-வது முனையை 1-வது முனையோடும் இணையுங்கள். சீரியல் மானிட்டரில் ஓர் எழுத்தைத் தட்டி அனுப்புங்கள். அதே எழுத்து திரும்பி வந்தால் கணினி, கேபிள், யுஎஸ்பி பகுதி மூன்றும் நலம். பிழை அதற்கு அப்பால். வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கைப்பேசி மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் கேபிள்கள் சிலவற்றில் தரவுக் கம்பியே இருக்காது.