விரலுக்கேற்ற திரை

கைப்பேசியிலும், மும்பைப் புறநகர் இரயில் நிலையங்களில் பயணச்சீட்டு வழங்கும் யந்திரங்களிலும் இன்று தொடுதிரை இடம்பெற்றுள்ளது. பொத்தானுக்கு மேடு உண்டு. கண்ணின் உதவியின்றியே விரல் அதனை அறியும். திரையோ வழவழப்பான கண்ணாடி. ஆதலின் விரலின் வேலையையும் கண்ணே செய்ய வேண்டியதாகிறது. எழுத்தறியாதவருக்கும் பார்வை குன்றியவருக்கும் இது பேரிடர். தாராவியிலோ செம்பூரிலோ முதியவர் ஒருவர் பணம் அனுப்பும்பொருட்டுத் தம் கைப்பேசியைப் பிறரிடம் கொடுப்பாராயின், இரகசிய எண்ணையும் உடன் கூற நேரிடும். எனவே திரையின் அமைப்பு அவருடைய பொருளின் பாதுகாப்பையும் பொறுத்தது.

குறியின் அளவு

குறி சிறிதாயினும் தொலைவிலிருப்பினும் அதனைச் சென்றடைய அதிக நேரமாகும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ் 1954-ஆம் ஆண்டில் கணித வடிவில் விளக்கினார். கைப்பேசித் திரையில் ஒரு குறிக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம் தேவை எனக் கொள்வது வழக்கம்.

இதனைத் தமிழெழுத்துக்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் அளித்தால் 200 சதுர செ.மீ. பரப்பு வேண்டும். 7 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள திரையின் முழுப்பரப்பே 105 சதுர செ.மீ.தான்! உயிர், மெய், ஆய்தம் ஆகிய 31-க்கு மட்டும் இடமளித்தாலோ 25 சதுர செ.மீ. போதும்.

உயிர்மெய்யை எவ்வாறு பெறுவது? மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையத்தில், பேராசிரியர் அனிருத்த ஜோஷியின் குழுவினர் இதற்கொரு வழி கண்டனர். 2013-இல் வெளிவந்த அவர்களது 'ஸ்வரசக்ரா' விசைப்பலகையில், ஒரு மெய்யைத் தொட்டவுடன் அதனைச் சுற்றிச் சக்கரம் ஒன்று விரியும். அதில் அம்மெய் உயிர்களுடன் சேர்ந்த வடிவங்கள் தோன்றும். வேண்டிய வடிவை நோக்கி விரலை நகர்த்தி எடுத்தால் அவ்வெழுத்துப் பதிவாகும். பள்ளியில் பயின்ற எழுத்து வரிசையே இங்குத் துணை நிற்கிறது. புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.

விரலின் தன்மை

இன்றைய கைப்பேசித் திரைகள் பெரும்பாலும் அழுத்தத்தை உணர்வனவல்ல. விரலின் மின்கடத்தும் இயல்பால் ஏற்படும் மின்தேக்க மாறுதலையே உணர்வன. ஆதலால் நீர்த்துளி பட்டால் திரை தவறாக இயங்கலாம். கடும் உழைப்பால் காய்ப்பேறிய உலர்ந்த விரலை உணராமலும் போகலாம். இது பயன்படுத்துவோரின் அறியாமையன்று. "பலமாக அழுத்துக" என்று அவருக்குக் கூறுவதும் பயனற்றது. விரலைத் துடைக்கவோ, வேறு விரலால் தொடவோ கூறுக.

பயிற்சி

பழக்கமில்லாத ஒருவரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, ஒரே ஒரு வேலையைச் செய்யச் சொல்லுக, வழி கூறற்க. விரல் எங்குத் தயங்குகிறது, எங்குத் தவறித் தொடுகிறது, தவறினால் மீள வழி புலப்படுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்க. ஐவரில் மூவர் ஓரிடத்திலேயே தயங்கினால், திருத்த வேண்டியது அத்திரையையே.