முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்

பொலிஸில் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் பலருக்கும் இதே கதைதான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

சகோதரி, அடுத்த முறை ஒரு தாளும் பேனையும் கொண்டு போங்கள். எழுதுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்க 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு இடம் தருகிறது. சிங்களத்தில்தான் பதிவென்றால், அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டவேண்டும். அதைக் கேட்டு வாங்கிய பிறகே கையொப்பம். இது சலுகை அல்ல, உங்கள் உரிமை.

மறுத்தால் திகதி, நேரம், அதிகாரியின் இலக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். எழுத்து முறைப்பாட்டை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதானால், அதற்கும் அதே ஒரு மாதம்தான் கெடு.

ஒழுங்கைக்காரர் எல்லாரும் சேர்ந்து, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டுமென்று தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். கேட்டால் பலன் உண்டு. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. கேட்டதால்தான் அந்தத் தடை வந்தது.