ஷாம்பெயின் பரிமாறப் போகும் சல்லித் தம்பிமாருக்கு

நம் சல்லிக் கிராமத்திலிருந்து உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகிறீர்கள். ஷார்டனே திராட்சையில் செய்த, ஆண்டு போட்ட ஷாம்பெயின் ஒருநாள் உங்கள் கைக்கு வரும். அதற்காக இந்தக் குறிப்புகள்.

1. லேபலை வடிவாக வாசியுங்கள். ‘பிளாங் து பிளாங்’ என்றால் வெள்ளைத் திராட்சை மட்டும். ஷாம்பெயினில் அது பெரும்பாலும் முழுக்க ஷார்டனேதான். ஆண்டு இருந்தால் அந்த ஒரு வருட அறுவடை. அதைக் குறைந்தது 3 வருடம் வைத்திருந்துதான் விற்கலாம். ஆண்டு போடாததற்கு 15 மாதம் போதும். பிரான்ஸின் ஷாம்பெயின் பிரதேசத்தில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். இந்தியாவின் நாசிக்கில் செய்த நல்ல வைனையும் ஷாம்பெயின் என்று சொல்லி மேசையில் வைக்காதீர்கள், அது பொய்.

2. வெயில்தான் உங்கள் எதிரி. வெள்ளைக்காரர் வரும் மாதங்களில்தான் இங்கே வெக்கையான கச்சான் காற்று வீசுகிறது. வருடக்கணக்காக நிலவறைக் குளிரில் கிடந்ததை நம் வெக்கை கெடுத்துவிடும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்தி அரை மணி வையுங்கள். வெறும் ஐஸ் என்றால் இடையில் காற்று நிற்கும், குளிர் சீக்கிரம் பிடிக்காது. 8 முதல் 10 பாகை போதும். ஃபிரீசரில் போடவே வேண்டாம்.

3. பனங்கள்ளு முட்டியில் நுரைக்கிற அதே வாயுதான் ஷாம்பெயினிலும். முட்டிக்கு வாய் திறந்திருக்கிறது. இங்கே போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு அடைத்துவிடுகிறார்கள். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம். அதனால் தக்கையைக் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றித் தளர்த்தும்போதே பெருவிரல் தக்கையின்மேல் இருக்க வேண்டும்; பிறகு எடுக்கக் கூடாது. போத்தலைச் சரித்து, ஆளில்லாத பக்கம் பார்க்கவையுங்கள். துவாயால் தக்கையை இறுக்கிப் பிடித்துப் போத்தலைத்தான் திருப்ப வேண்டும், தக்கையை அல்ல. தக்கை மேலே தள்ளும்போது எதிர்த்து அமுக்குங்கள். ‘உஸ்’ என்று ஒரு மூச்சு வந்தால் நீங்கள் வேலை தெரிந்தவர். வெடியோசை வேண்டாம், கண்ணைக் குருடாக்கிய தக்கைகள் உண்டு.

4. கிளாஸில் சவர்க்காரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை செத்துவிடும். முதலில் கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கியபின் நிரப்புங்கள்.

5. என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் நம் கடலைச் சொல்லுங்கள். பூண்டும் வெண்ணெயும் போட்ட இறால், தேசிக்காய் பிழிந்த சுட்ட கணவாய். டெவில் கறிகள் வேண்டாம், அவற்றின் உறைப்பு ஷாம்பெயினின் மெல்லிய புளிப்பை விழுங்கிவிடும்.

6. போயா என்ற முழுநிலா நாளில் மது விற்பனை இல்லை. எவ்வளவு காசு நீட்டினாலும் இல்லை.

7. குடிக்காத பிள்ளையும் இதில் கெட்டிக்காரன் ஆகலாம். மணம் பிடித்துப் பழகுங்கள். தாய்மார் பயப்படுகிறார்கள் என்றால் இதை வீட்டில் சொல்லுங்கள்.

8. மிச்சத்தை ஊற்றிவிடாதீர்கள். அழுத்தம் தாங்கும் மூடியால் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் குடிக்கலாம். போத்தல் வாயில் கரண்டி சொருகினால் வாயு போகாது என்பது வெறும் கதை.