விமானத்துக்கு ஏன் வட்டச் சன்னல்?

விமானத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் ரைட் சகோதரர்களில் தொடங்குவதே வழக்கம். நாங்கள் ஒரு சதுரக் கழுத்து ரவிக்கையில் தொடங்கப் போகிறோம். சிரிக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

எங்கள் பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் படிக்கிறோம். அவர்களில் விமானத்தில் ஏறியவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் ஒருத்தியின் அப்பா வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து போவார். ஒரு நாள் அறிவியல் வகுப்பில் அவள் எழுந்து, "சிஸ்டர், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சன்னல் சதுரமாக இருக்கிறது. விமானத்துக்கு மட்டும் ஏன் மூலையே இல்லாமல் முட்டை மாதிரி இருக்கிறது?" என்று கேட்டாள். அழகுக்காக என்று ஒருத்தி சொன்னாள். காற்று தடைபடாமல் போவதற்காக என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டும் தவறு என்றார் சிஸ்டர். சரியான விடையைச் சொல்லாமல், "நீங்களே தேடிக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கூறிவிட்டார். இக்கட்டுரை பிறந்த கதை இதுதான்.

தேடியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு விமானத்தின் துயரக் கதை. அதன் பெயர் காமெட். தமிழில் வால்மீன். இங்கிலாந்தில் டி ஹாவிலாண்ட் நிறுவனம் கட்டிய இந்த விமானமே உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1949-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று ஹாட்ஃபீல்டு என்னும் ஊரில் அது முதன்முதலாக மேலெழும்பியது. நிறுவனத்தைத் தொடங்கிய சர் ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட், தம் இரு மகன்களை விமானங்களுக்குப் பறிகொடுத்தவர். ஒருவர் 1943-இலும், மற்றவர் 1946-இலும் தம் நிறுவனத்து விமானங்களை ஓட்டுகையில் இறந்தனர். அதன் பின்னும் அவர் விமானம் கட்டுவதை நிறுத்தவில்லை. இதை வாசித்தபோது எங்களுக்குள் ஒரு சிறு விவாதமே நடந்தது. அது துணிவா, பிடிவாதமா என்று இன்றுவரை எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

1952 மே 2 அன்று காமெட் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வழியில் பல இடங்களில் இறங்கி ஏறியும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் வந்தது. பயணிகள் முப்பத்தாறு பேர்தாம். ஆனால் அதுவரை இருந்த விமானங்களில் இருந்த அதிர்வும் இரைச்சலும் இதில் இல்லை. மேகங்களுக்கு மேலே, புயலுக்கு எட்டாத உயரத்தில், ஏறக்குறைய 40,000 அடியில் அது பறந்தது.

அந்த உயரத்தில்தான் சிக்கலும் இருந்தது. அங்கே காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூச்சு விட முடியாது. ஆகவே விமானத்துக்குள் காற்றை அடைத்து அழுத்தம் கூட்ட வேண்டும். சைக்கிள் டியூபில் காற்று அடைப்பது போலத்தான். காமெட்டில் உள்ளே இருந்த அழுத்தம் வெளியே இருந்ததைவிடச் சதுர அங்குலத்துக்கு எட்டேகால் பவுண்டு கூடுதல். இது சிறிய எண்ணாகத் தோன்றும். நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஓரடி நீளம், ஓரடி அகலம் உள்ள சன்னலின் பரப்பு 144 சதுர அங்குலம். அதை எட்டேகாலால் பெருக்கினால் 1,188 பவுண்டு. அதாவது அரை டன்னுக்கும் மேல். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர் ஒன்றாக அந்தச் சன்னலின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம்! இத்தனையையும் தாங்க வேண்டிய விமானத்தின் அலுமினியத் தோலோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. எடை கூடினால் ஜெட் எஞ்சின் எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பதால் தோலை மெல்லியதாக வைத்தார்கள்.

காமெட் பறக்கத் தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள், 1953 மே 2. கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு காமெட் சில நிமிடங்களில் இடிமழையில் சிக்கிச் சிதறியது. நாற்பத்து மூன்று பேர் இறந்தனர். புயலின் மேல் பழி விழுந்தது.

1954 ஜனவரி 10. தெளிந்த வானம். புயல் ஏதும் இல்லை. ரோமிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட காமெட் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. முப்பத்தைந்து பேர் மாண்டனர். அவர்களில் பத்துப் பேர் சிறுவர் சிறுமியர். 1952-இல் முதல் பயணம் போனதும் இதே விமானம்தான். உடனே எல்லாக் காமெட்டுகளையும் நிறுத்தினார்கள். தீப்பிடித்திருக்குமோ, எஞ்சின் வெடித்திருக்குமோ என்று ஊகித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைச் செய்தார்கள். மார்ச் 23 அன்று மறுபடியும் பறக்க விட்டார்கள். பதினாறே நாள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து இருபத்தொரு பேர் இறந்தனர்.

இந்த இடத்தில் எங்களுக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காரணம் தெரியாமலே ஏன் மறுபடி பறக்க விட்டார்கள்? கணக்கு தவறினால் எந்த வரியில் தவறியது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த கணக்குக்குப் போக வேண்டும் என்று எங்கள் கணக்கு ஆசிரியை சொல்வார். அந்த இருபத்தொரு பேருக்காகவாவது அன்று யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இனித்தான் ஆராய்ச்சி. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் தலைவர் சர் ஆர்னால்டு ஹாலிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் செய்த காரியம் விநோதமானது. பறந்துகொண்டிருந்த ஒரு காமெட் விமானத்தைக் கொண்டுவந்து, அதன் உடல் முழுவதும் அடங்கும்படி ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். இறக்கைகள் மட்டும் இருபுறமும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டியிலும் விமானத்துக்குள்ளும் நீரை நிரப்பினார்கள். பின்பு உள்ளே இருந்த நீரின் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இரவும் பகலும் சோதித்தார்கள். ஒருமுறை கூட்டிக் குறைத்தால் ஒருமுறை பறந்து இறங்கியதற்குச் சமம். இறக்கைகளையும் காற்றில் ஆடுவது போல மேலும் கீழும் வளைத்தார்கள்.

காற்றை நிரப்பாமல் ஏன் நீரை நிரப்ப வேண்டும்? இதை நாங்கள் பலூனை வைத்துப் புரிந்துகொண்டோம். காற்றடைத்த பலூனைக் குத்தினால் டமாரென்று வெடித்துத் துண்டு துண்டாகிறது. நீர் நிரப்பிய பலூனைக் குத்தினால் கிழிந்து நீர் கொட்டுகிறது, அவ்வளவுதான். காற்று அமுங்கும், விடுபட்டால் விரியும். நீர் அப்படி அமுங்குவதில்லை. ஆகையால் விமானம் உடைந்தாலும் எந்த இடத்தில் உடையத் தொடங்கியது என்பது கண்ணுக்குத் தெரியும். (பலூன் சோதனையால் ஆய்வகத் தரையெல்லாம் நனைந்தது. துடைத்ததும் நாங்களே.)

அந்த விமானம் தொட்டிக்கு வருமுன் 1,230 முறை பறந்திருந்தது. தொட்டியில் மேலும் 1,830 முறை அழுத்தம் தாங்கியது. 1954 ஜூன் மாதக் கடைசியில் அதன் உடல் கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் ஒரு சன்னலின் மூலை.

இப்போது ரவிக்கைக்கு வருகிறோம். இந்தக் கதையை எங்கள் தையல் ஆசிரியையிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் வியப்படையவில்லை. "சதுரக் கழுத்து வெட்டினால் மூலைதான் முதலில் கிழியும். அதனால்தான் அந்த மூலையில் உள்ளே ஒட்டுத் துணி வைத்துத் தைக்கச் சொல்கிறேன். வட்டக் கழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றார். துணியை இழுக்கும்போது இழுவிசை வளைவைச் சுற்றிப் பரவிப் போய்விடுகிறது. மூலையிலோ வழியின்றி ஒரே இடத்தில் குவிகிறது. உலோகத்திலும் அப்படியே. காமெட் சன்னலின் மூலையருகே குவிந்த விசை, மற்ற இடங்களில் இருந்ததைவிடப் பன்மடங்கு.

ஆனால் மூலை மட்டுமே குற்றவாளி அன்று. ஒரே ஒரு முறை அழுத்தினால் அந்தத் தகடு தாங்கியிருக்கும். மீண்டும் மீண்டும் அழுத்தியதே வினையாயிற்று. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். நாங்கள் கொண்டை ஊசிகளை எடுத்து வளைத்து நிமிர்த்தி எண்ணினோம். முதல் ஊசி பதினேழாவது தடவை ஒடிந்தது. இரண்டாவது இருபத்து மூன்றில். அரத்தால் லேசாகக் கீறிவிட்ட ஊசி ஒன்பதிலேயே போய்விட்டது. ஒடியும் தடவைக்கு முந்திய தடவை ஊசியைப் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. எங்களை அச்சுறுத்தியது இதுதான்.

கட்டியவர்கள் சோதிக்காமலா விட்டார்கள் என்று கேட்கலாம். சோதித்தார்கள். விமானத்தின் ஒரு பகுதியை எடுத்துப் பதினாறாயிரம் முறைக்கும் மேல் அழுத்திப் பார்த்தார்கள். தாங்கியது. ஆனால் அதே பகுதியை அதற்கு முன்பே வழக்கமான அழுத்தத்தைப் போல இரு மடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அந்தப் பெரிய அழுத்தத்தில் மூலையில் இருந்த உலோகம் சற்றே நீண்டு இறுகி, பின்னால் வந்த சிறிய அழுத்தங்களைத் தாங்கப் பழகிவிட்டது. கடையில் விற்ற விமானங்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவி நூற்றுக்கு நூறு வாங்குவதைக் கண்டு, வகுப்பே கெட்டிக்கார வகுப்பு என்று முடிவு செய்தது போல ஆயிற்று. எல்பாவருகே விழுந்த விமானம் 1,290 முறை பறந்திருந்தது. நேப்பிள்ஸ் அருகே விழுந்தது 900 முறை.

சதுரச் சன்னலால் காமெட் விழுந்தது என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. காமெட்டின் சன்னல் மூலைகள் சற்று வளைந்தே இருந்தன. மேலும், எல்பாக் கடலடியிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையினர் நீருக்கடியில் தொலைக்காட்சிக் கருவிகளை இறக்கித் தேடி, விமானத்தின் பெரும்பகுதியை மீட்டனர். அதில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகள் எட்டிப் பார்க்கும் சன்னல் அன்று. கூரையில் வானொலி அலைவாங்கிக்காக வெட்டிய ஒரு திறப்பின் மூலையருகே, ஓர் ஆணித் துளையில் அது தொடங்கியிருந்தது. கொண்டை ஊசியில் நாங்கள் போட்ட கீறல் நினைவிருக்கிறதா? மெல்லிய தகடு, மூலை, துளை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதுதான் வினை.

கண்டறிந்த உண்மைகளை ஒளிக்கவில்லை. விசாரணை பொதுவில் நடந்து, அறிக்கை 1955-இல் வெளிவந்தது. போட்டியாளர்களான அமெரிக்கர்களும் அதைப் படித்தார்கள். தடித்த தோலும் வட்டமான சன்னல்களும் கொண்ட புதிய காமெட் 1958 அக்டோபர் 4 அன்று அட்லாண்டிக் கடலைக் கடந்தது. மூன்று வாரங்களில் போயிங் 707 வந்து, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பயணிகளை ஏற்றிக்கொண்டு, வாணிகத்தைத் தட்டிச் சென்றுவிட்டது. நம் ஏர் இந்தியாவும் 1960-இல் 707-ஐத்தான் வாங்கியது.

உலோகச் சோர்வு அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை, 24,000 அடி உயரத்தில் பதினெட்டு அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. தீவுக்குத் தீவு தாவிய அந்த விமானம் ஏறக்குறைய 90,000 முறை பறந்திருந்தது. விமானி அதைத் தரையிறக்கிவிட்டார். பயணிகள் அனைவரும் பிழைத்தனர். பணிப்பெண் ஒருவர் மட்டும் இறந்தார். ஏறும்போதே கதவருகில் ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைய விமானங்களை இத்தனை முறை பறந்தபின் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விரிசல் விட்டாலும் ஓரளவுக்கு மேல் ஓடாதபடி உள்ளே பட்டைகள் வைக்கிறார்கள். 2011-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787-இன் உடல் கார்பன் இழைகளால் ஆனது. அது அலுமினியம் போல் எளிதில் சோர்ந்துபோவதில்லை என்பதால், அதன் சன்னல்களைப் பெரிதாக்க முடிந்தது. அவற்றிலும் மூலை இல்லை.

பெரும்பாலான விமானங்களின் சன்னலில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கண்ணாடிகள் இருக்கும். நடுக் கண்ணாடியின் அடியில் ஊசி நுழையுமளவு ஒரு துளை உண்டு. உள்ளழுத்தத்தை வெளிக் கண்ணாடியே தாங்கும்படி செய்வதும், பனி படியாமல் காப்பதும் அத்துளையின் வேலை. கேள்வி கேட்ட எங்கள் தோழி இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லி, அந்தத் துளையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் பதினான்கு ஆண்டுகளாகப் போய் வருகிறார். நடைபாதை ஓரத்து இருக்கையைத்தான் எப்போதும் கேட்டு வாங்குவாராம். ஏறியதும் தூங்கிவிடுவாராம். வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சன்னலோரம் கேட்டிருக்கிறார்.