பன்றி வேட்டைக்கு நாயை விடலாமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாக இறங்கி, தட்டையைச் சாய்த்து எல்லாவற்றையும் நாசம் செய்துவிடுகின்றன. என்னிடம் இரண்டு கன்னி நாய்கள் இருக்கின்றன. இன்னும் இரண்டைச் சேர்த்துப் பழக்கி, பன்றி வேட்டைக்கு விடச் சொல்கிறார்கள். விடலாமா?
– ஒரு விவசாயி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: வேண்டாம் ஐயா. பாடுபட்டு வளர்த்த பயிர் ஒரே ராத்திரியில் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இந்த வேட்டையில் முதலில் சாவது உங்கள் நாய்தான்.

கன்னியும் சிப்பிப்பாறையும் முயலை ஓடிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. மெலிந்த உடம்பு, மெல்லிய தோல். பன்றி வேட்டைக்குப் பேர்போனது தேனிப் பக்கத்துக் கோம்பை நாய். பன்றியிடம் அதுவே படாத பாடு படும். பன்றி முதலில் தப்பி ஓடத்தான் பார்க்கும். வழி அடைபட்டால் புதரையோ ஓடைக்கரையையோ முதுகுக்கு அணைவாக வைத்துக்கொண்டு திரும்பி நிற்கும். ஆண் பன்றி தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி ஒரு வீச்சு வீசினால், கோரைப்பல் நாயின் அடிவயிற்றையோ தொடையையோ கிழித்துவிடும். வெளியே காயம் சிறிதாகத் தெரியும். உள்ளே தசை கிழிந்து மண்ணும் மயிரும் புகுந்திருக்கும். மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டால் சீழ் பிடித்துச் செத்துப்போகும். குடல் சரிந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பன்றி வேட்டை நாய்க்கு அகலக் கழுத்துப்பட்டையும் மார்புக் கவசமும் மாட்டி விடுகிறார்கள். அப்படியும் நாய்கள் சாகின்றன.

பயிரைக் காக்கப் பன்றியோடு மோதி மாண்டவர்களுக்கு நம் முன்னோர் நடுகல் எடுத்திருக்கிறார்கள். சில கற்களில் நாயும் கூடவே நிற்கிறது. அந்த வீரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இன்றைக்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் நாயை ஏவி விரட்டிப் பிடிப்பதும் வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நாயைக் காவலுக்கு வையுங்கள். கதிர் பால் பிடிக்கத் தொடங்குவதிலிருந்து அறுவடை வரை, ராத்திரி ஆள் காவலோடு நாயும் வயலில் இருக்கட்டும். பன்றி உள்ளே இறங்கும் முன்பே குரைத்துக் காட்டிக்கொடுக்கும், அது போதும். வெறிநோய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள். வேலியில் கள்ள மின்சாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மனிதர்களே செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டப்படியும் ஒரு வழி திறந்திருக்கிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் குருமலைக் காட்டிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். சேதத்தைப் படம் எடுத்து, பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி, இந்த வாரமே ரேஞ்சர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பயிர் இழப்பீட்டையும் அதே மனுவில் கேளுங்கள்.