மாயாமாளவகௌளையும் கிதார் கார்டுகளும்

மேல்நாட்டுக் கிதார்ப் பாடநூல்கள் பலவற்றில் விந்தையான சுரவரிசைகளுக்கென்று தனியே ஒரு பகுதி இருக்கும். அதில் ஒரு வரிசையை அரேபிய வரிசை என்றும், பைசாண்டைன் என்றும், டபுள் ஹார்மோனிக் என்றும் பல பெயரிட்டு அழைப்பார்கள். அதன் சுரங்களை எண்ணிப் பார்த்தால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் முதல்நாள் சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையே அது! மேளகர்த்தாவில் 15-ஆவது, இந்துஸ்தானியில் பைரவ் தாட். அவர்களுக்கு அயல் நாட்டுச் சரக்கு, நமக்கு அரிச்சுவடி.

அமெரிக்கக் கிதார் கலைஞர் டிக் டேல் 1962-இல் மின்கிதாரில் வாசித்துப் புகழ்பெற்ற 'மிசிர்லூ' என்ற மெட்டு இவ்வரிசையில் அமைந்ததே. கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளின் பழைய நாட்டுப்பாடல் அது. அவர் வாசித்தது 'இ' சுருதியில். கிதார் கற்கும் நண்பர்களும் அதையே ஆதார ஷட்ஜமாகக் கொள்க. காரணம், கிதாரின் ஆறு தந்திகளில் இரண்டு 'இ'. திறந்த 'பி' தந்தி பஞ்சமம். திறந்த 'ஏ' தந்தி மத்தியமம். கையை எடுத்தாலே ராகத்தின் மூன்று சுரங்கள் ஒலிக்கும். 'டி', 'ஜி' தந்திகள் மட்டும் பகை. அவற்றைத் திறந்து மீட்டலாகாது.

'இ' சுருதியில் சுரங்கள்: ச–இ, ரி–எஃப், க–ஜி ஷார்ப், ம–ஏ, ப–பி, த–சி, நி–டி ஷார்ப். கார்டு அமைக்கும் வழி எளிது. ஒரு சுரத்தை எடுத்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை எடுக்கவேண்டும். ச-க-ப சேர்ந்தால் இ மேஜர். ரி-ம-த சேர்ந்தால் எஃப் மேஜர். அரைச்சுர இடைவெளியில் இரண்டு மேஜர் கார்டுகள் அடுத்தடுத்து நிற்பது சாதாரண மேஜர், மைனர் வரிசைகளில் கிடையாது. இந்த ராகத்தின் மணமே அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. க-ப-நி ஜி ஷார்ப் மைனர். ம-த-ச ஏ மைனர்.

ப-வில்தான் சிக்கல். ப-நி-ரி என்று அடுக்கினால் பஞ்சமத்திற்கு உரிய ஐந்தாம் சுரம் அரைச்சுரம் குறைந்துவிடுகிறது. மேனாட்டார் ஒரு பாட்டை முடிக்கப் பயன்படுத்தும் பி மேஜர் இங்கே இல்லை. ஆகவே முடிப்பு வேலையை ரி-யின் கார்டு ஏற்றுக்கொள்ளவேண்டும்: எஃப் வாசித்து, இ-யில் இறங்குங்கள். அந்த எஃப்-போடு நி-யையும் சேர்த்தால் எஃப் செவன் ஆகும். இழுப்பு இன்னும் கூடும். த-ச-க தருவது சி ஆக்மென்டட். வழக்கமான சி கார்டில் மூன்றாம் தந்தியை முதல் மெட்டில் அழுத்தினால் போதும். நி-யின் கார்டை நான் வாசிப்பதில்லை. காதுக்கு அது எங்கும் நிற்பதாகத் தோன்றவில்லை.

ஒரு சுலப வழியும் உண்டு. இ மேஜரை வழக்கம்போல் பிடியுங்கள். மூன்று விரல்களையும் அப்படியே ஒரு மெட்டு மேலே நகர்த்துங்கள். மற்றத் தந்திகளைத் திறந்தே விடுங்கள். இ, சி, எஃப், ஏ, பி, இ என ஒலிக்கும். ஆறும் ராகத்துக்குள் அடங்கியவை! ஸ்பெயின் நாட்டுக் கிதார் ஓசை உடனே எழும். எங்கள் விடுதியில் இதைக் கேட்டு அறையை விட்டு ஓடிவராதவர் இல்லை.

ஒருவர் மட்டும் வரவில்லை. இராசிபுரம் பக்கத்து நாகசுரக் கலைஞரின் மகன். என் வகுப்புத் தோழர். "ராகத்துக்குக் கார்டு போடுவது வெண்பொங்கலுக்குத் தக்காளி சாஸ் ஊற்றுவது போல" என்றார். கல்லூரி விழாவில் அவர் பாட, நான் வாசிப்பதாக ஏற்பாடு. கார்டு வந்தால் மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் பிடிவாதத்தில் நியாயம் உண்டென்பதை இயற்பியல் மாணவனாகிய நான் கணக்கிட்டே கண்டேன். தம்புராவோடு இசைந்து பாடும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்தின் 5/4 மடங்கு. ஷட்ஜம் 329.6 ஹெர்ட்ஸ் எனில் அது 412. கிதாரின் ஜி ஷார்ப்போ 415.3. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு மூன்றுக்கு மேற்பட்ட விம்மல்கள்! ரி-யின் கதை இன்னும் மோசம். பாடகர் அதை அசைத்துப் பாடுகிறார், மெட்டு அசையாது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் தரலாம்; ஆறு தந்திக் கார்டை இழுப்பது எப்படி?

ஆகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆலாபனையில் இ, பி இரண்டு மட்டும், தம்புராவைப் போல. காந்தாரத்தில் அவர் நிற்கும்போது என் கார்டில் ஜி ஷார்ப் இராது. ரி-யை அசைக்கும்போது எஃப்-ஐ விட்டு ஏ, சி மட்டும் மெல்ல ஒலிக்கும். சொற்கள் தொடங்கியபின், அவர் ம-விலோ த-விலோ நீண்டு நிற்கும் இடங்களில் மட்டும் முழுக் கார்டு. த-வுக்கு எஃப், ஏ மைனர், சி ஆக்மென்டட் மூன்றும் பொருந்தும்; அடுத்து ப-வுக்கு இறங்குவதாயின் எஃப் நலம், ச-வை நோக்கி ஏறுவதாயின் ஏ மைனர். சி ஆக்மென்டடை ஒரே ஓரிடத்தில் வைக்க இசைந்தார். அதுவும் பல்லவியின் மூன்றாம் முறைக்குத்தான். அதுவரை வேண்டாம் என்பது அவர் கட்டளை.